எடைமேடையில் ஒன்பது நிமிடம்

சந்தூர் மாங்கூழ் ஆலையிலிருந்து போன்:
"நெட்வொர்க் எந்திரிக்கவே மாட்டேங்குது, வாங்க."
கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் பஸ் ஏறும்போதே
கேபிள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.
எலி கடித்திருக்கும்.

கேபிள் இல்லை.

எடைமேடைக்கு வெளியே பதினோரு டிராக்டர்.
பெங்களூரா, எல்லாம் பெங்களூரா,
மூக்கு வளைந்த பச்சை
வெயிலில் மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.
ஆனிக் காற்று. நாளைக்கு நாலு தரம் கரண்ட் போகும்.
யுபிஎஸ் பேட்டரி போன சீசனிலேயே செத்தாயிற்று.
கரண்ட் வரும், கணினி எழும்,
எழுந்த கணினி
நெட்வொர்க்கில் சேர ஒன்பது நிமிடம்.

"கடிகாரம் வெச்சுப் பாத்துட்டேன் சார்,
எட்டு அம்பது, சில நாளு ஒம்பது பத்து"
என்றாள் அமுலு. எடைச்சீட்டுகளின் பின்புறம்
தேதிவாரியாக எழுதி வைத்திருந்தாள்.
இவ்வளவு சுத்தமாக நோவு சொல்லும் ஆளை
என் பிழைப்பில் நான் கண்டதில்லை.

சுவிட்சை மாற்றினேன். முகவரியைக் கையால் கொடுத்தேன்.
ரவுட்டரை அணைத்து முப்பது எண்ணிப் போட்டேன்.
வைரஸ் தேடினேன், இரண்டு கிடைத்தன,
பாவம், இந்தக் குற்றத்தில் அவற்றுக்குப் பங்கில்லை.
ஒவ்வொரு தரமும் அணைத்து எழுப்பிவிட்டு
ஒன்பது நிமிடம் உட்கார்ந்தோம்.
நீல வட்டம் செக்குமாடாகச் சுற்றியது.
எண்ணெய்தான் வரவில்லை.

ஜன்னலில் ஒரு தலை. திம்மராயன், மத்தூர் வண்டி.
"நிக்க நிக்கக் காய் சுண்டுது சார்.
உங்க மிஷினு தூங்குறதுக்கு
எங்க எடையில புடிக்கிறீங்க."

கடைசியாகச் செய்ததை
முதலில் செய்திருக்க வேண்டும்.
தானாக எழும் மென்பொருள்களில்
பாதியை நிறுத்தினேன். நாற்பது நொடி.
நிறுத்தியதில் பாதியைத் திறந்துவிட்டேன். ஒன்பது நிமிடம்.
மறுபடி பாதி. மறுபடி.
மிஞ்சியது ஒருவன்:
பிரிண்டரோடு வந்த கண்காணிப்பான்,
மை இருக்கா, தாள் இருக்கா என்று பார்க்க வந்தவன்.
மற்ற எல்லோரையும் வாசலில் நிறுத்திவிட்டு
நாற்பத்தேழாம் முகவரியைக் கூப்பிடுகிறான்.
பதில் இல்லை. காத்திருக்கிறான். கூப்பிடுகிறான்.
முப்பது நொடிக்கு ஒரு தரம், பதினெட்டுத் தரம்.
அப்புறம்தான் வழி விடுகிறான்.

"நாப்பத்தேழு எங்கே?"
அமுலு மூலையைப் பார்த்தாள்.
மேசைமேல் தூசி படியாத ஒரு சதுரம்,
அதில் இப்போது சாம்பிள் டின்கள்.
"கூழு கொட்டிருச்சு சார் அதுல.
சித்திரையிலயே எடைக்குப் போட்டாச்சு."
சீட்டுக் கட்டின் அடியிலிருந்து முதல் சீட்டை உருவினாள்.
சித்திரை பத்தொன்பது. ஒம்பது நிமிஷம்.
படித்துவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

நீக்கினேன்.
நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. ஆம்.
ஏன் போகச் சொல்கிறீர்கள், காரணம் தெரிவியுங்கள் என்றது.
தெரிவிக்கவில்லை.
முப்பத்தெட்டு நொடி.
டீ கிளாஸைக் கையில் எடுத்த அமுலு
குடிக்க நேரமில்லாமல் கீழே வைத்தாள்.

மேடையேறி இறங்கிய திம்மராயன்
சீட்டை வாங்கிக்கொண்டு, என்ன கோளாறு என்றான்.
சொன்னேன்.
"அந்தப் பிரிண்டரா! நான்தான் தூக்கியாந்து
இதே மேடையில வெச்சேன். இருவது காட்டுச்சு.
பழைய இரும்புக்காரன் தராசுல பதினெட்டுதான்னான்."
"லாரி நிறுக்கிற மேடைண்ணா இது,
பத்துப் பத்தாத்தான் எண்ணும்,
நடுவுல இருக்கறது கண்ணுக்குத் தெரியாது" என்றாள் அமுலு.

அவன் சீட்டைப் பார்த்தான். டிராக்டரைப் பார்த்தான்.
"அப்ப எங்க காய் சுண்டுனது?"

யாரும் பதில் சொல்வதற்குள்
கரண்ட் போயிற்று.
இருட்டில் அமுலு
கடிகாரத்தைத் தேடினாள்.